காஸ் அடுப்பும் நம் கவனயீனமும்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு, எரிபொருள் என்றதும் சீனக்குடாவின் பெரிய எண்ணெய்த் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். ஆங்கிலேயர் கட்டியவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றுள் ஒன்று பற்றி எரிந்த கதையை நம் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தாங்கிகளின் பக்கம் போகும்போது யாரும் நெருப்புப் பெட்டியைக் கையில் எடுப்பதில்லை. ஆனால் நமது குசினியில் சமையல் மேசைக்கு அடியில் 12.5 கிலோ எரிவாயுவுடன் ஒரு சிறிய தாங்கி நிற்கிறது. அதனை நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இதை மற்றவர்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. குற்றம் என் வீட்டில் நடந்தது. அதைச் செய்தவனும் நான்தான்.

நோன்பில் ஒரு நாள்

2023ஆம் ஆண்டு நோன்பு காலம். ஒரு நாள் அஸருக்குப் பின் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த என் மனைவி, "இஞ்சருங்க, குசினிக்குள்ள காஸ் மணக்குது" என்றார். நான் கிதாபிலிருந்து தலையை எடுக்காமலே, "அது வடிகான் மணமாக இருக்கும்" என்றேன். மறுநாள், "அடுப்பு ரெண்டும் மெதுவாத்தான் எரியுது" என்றார். "சிலிண்டர் முடியப் போகுது" என்றேன். "வாங்கிப் பத்து நாள்தானே" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது ஆண்கள் சொல்லும் சொல்லையே நானும் சொன்னேன்: "நாளைக்குப் பார்ப்போம்."

மூன்றாம் நாள் இரவு, சஹருக்காக அவர் எழுந்து குசினிக் கதவைத் திறந்தார். மணம் முகத்தில் அடித்தது. இருட்டில் வழக்கம்போல அவரது கை சுவிட்சைத் தேடிப் போனது. பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது. "கரண்டில கை வைக்காத புள்ள!" என் மனைவியின் உம்மா எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவருமல்லர். அவரே தட்டுத் தடவிச் சென்று பின்கதவை அகலத் திறந்தார். ஜன்னல்களைத் திறந்தார். பிறகு குனிந்து சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினார். எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். பிள்ளைகளை எழுப்பும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

அல்ஹம்துலில்லாஹ், ஒரு பொறியும் விழவில்லை. அன்று தண்ணீரும் பேரீச்சம்பழமும்தான் எங்கள் சஹர்.

காலையில் எங்கள் பகுதியில் அடுப்புத் திருத்தும் தம்பி ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் வந்து இரண்டு நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயின் பின்பக்கத்தை எலி கடித்திருந்தது. 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், நாங்களும் விறகுக்குத் திரும்பியிருந்தோம். குசினி மூலையில் விறகு அடுக்கினோம். விறகோடு எலியும் வந்தது. காஸ் திரும்பக் கிடைத்தபோது புதுச் சிலிண்டரை வாங்கிப் பழைய குழாயிலேயே மாட்டினோம். எலி போகவில்லை. முதலில் ஊசித் துவாரம்போல் இருந்த கடி நாளுக்கு நாள் பெரிதாகியிருக்கிறது. இரவில் அடுப்பின் திருகியை மட்டும் மூடிவிட்டு, ரெகுலேட்டரைத் திறந்தபடியே விட்டுப் படுப்பது எங்கள் வழக்கம். ஆகவே இரவு முழுவதும் காஸ் வெளியேறிக்கொண்டிருந்தது.

நான் வெட்கப்பட்டது இதற்காக மட்டுமல்ல. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோன செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகும்போது அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் அறிவுறுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரையே எரித்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. இவற்றை அரபுக் கல்லூரியில் ஓதினேன். இத்தனை வருடமாக மாணவர்களுக்குப் பாடமும் நடத்துகிறேன். அன்று எலி திரியை இழுத்தது, இன்று குழாயைக் கடிக்கிறது. பாடம் என் நாவில் இருந்தது. என் குசினிக்குள் அது நுழையவே இல்லை.

2021இல் நாம் கண்டது

மாமிக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது? "அந்த வருஷம் ரேடியோவில சொன்னாங்களே" என்றார். அவர் சொன்னது 2021ஆம் ஆண்டை. அந்த நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்தன. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்புகள் சிதறின. குழாய்கள் கழன்றன. நூற்றுக்கணக்கில் சம்பவங்கள் பதிவாகின. உயிர்களும் போயின. நவம்பர் இறுதியில் அன்றைய ஜனாதிபதி, மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முதன்மைக் காரணம் என்று அந்தக் குழு கண்டது.

அதன் விளக்கம் எளிது. நமது சிலிண்டரில் இருப்பது ஒரே வாயு அல்ல. புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டும் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டுக் கலந்து நிரப்பப்படுகின்றன. நம் நாட்டுச் சூட்டில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு. குளிர் நாடுகளில் பியூட்டேன் எளிதில் ஆவியாகாது என்பதால் அங்கே புரொப்பேன் கூடுதலாகப் பாவிக்கிறார்கள். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் பியூட்டேன் அதிகமாகவும் புரொப்பேன் குறைவாகவும் இருப்பதே வழக்கம். அந்தக் கணக்கு மாறி அழுத்தம் கூடியபோது, நம் வீடுகளில் இருந்த பழைய குழாய், தேய்ந்த ரப்பர் வளையம், தளர்ந்த கிளிப் ஆகியவை தாங்கவில்லை.

அன்று நான் அமானிதத்தைப் பற்றி நன்றாகப் பேசினேன். மக்களிடம் சொல்லாமல் கலவையை மாற்றுவது எத்தகைய துரோகம் என்று மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். அது சரியான பேச்சுத்தான். ஆனால் சிலிண்டர் வீட்டு வாசலுக்குள் வந்த பிறகு அந்த அமானிதம் என் கைக்கு வந்துவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த மணம் ஏன்?

காஸுக்கு இயற்கையில் நிறமும் இல்லை, சொல்லும்படியான மணமும் இல்லை. நாம் உணரும் அந்தக் கெட்ட மணம் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. மெர்கப்டான் என்ற கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவில் கலக்கப்படுகிறது. இதன் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1937 மார்ச் 18ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலைக்குக் கீழே இயற்கை எரிவாயு கசிந்து தேங்கியது. மணம் இல்லாததால் ஒருவரும் அறியவில்லை. ஒரு பொறி போதுமானதாயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பெரும்பாலானோர் பிள்ளைகள். அதன் பிறகே வாயுவில் மணம் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

ஆகவே காஸ் மணம் என்பது தற்செயலாக வருவதல்ல. அது நமக்கு அனுப்பப்படும் எச்சரிக்கை. "வடிகான் மணம்" என்று நான் தள்ளிவிட்டது அந்த எச்சரிக்கையைத்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். காஸ் காற்றை விடப் பாரமானது. அது மேலே போகாமல் தரையில் பரவி, மேசைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது. கதவைத் திறக்க வேண்டும். காற்றில் சுமார் 2 வீதம் கலந்தாலே தீப்பற்றும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே எழும் சிறு பொறி அதற்குப் போதும்.

மணம் வந்தால் என்ன செய்வது?

முதலில் நெருப்பை அணையுங்கள். சாம்பிராணிச் சட்டி, கொசுவர்த்தி, பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. எந்தச் சுவிட்சையும் தொட வேண்டாம். எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். மின்விசிறியைப் போட்டுக் காஸை வெளியேற்றலாம் என்று நினைக்க வேண்டாம். கைத்தொலைபேசியையும் டார்ச்சையும் உள்ளே வைத்து இயக்காதீர்கள். கை எட்டுமானால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மணம் மூச்சை அடைக்கும் அளவுக்கு இருந்தால் சிலிண்டரிடம் போகாமல் உடனே வெளியேறுங்கள். வெளியே தூரமாக நின்று, சிலிண்டரில் அச்சிட்டுள்ள அவசர இலக்கத்தையோ பொலிஸ் அவசர இலக்கமான 119ஐயோ அழையுங்கள்.

கசிவைத் தேட நெருப்புக் குச்சியைக் கொளுத்திப் பிடிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது தற்கொலைக்குச் சமம். மணம் முற்றாக நீங்கிய பிறகு, ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து நுரை வரச் செய்யுங்கள். அடுப்பின் திருகிகள் மூடியிருக்க, ரெகுலேட்டரைச் சிறிது நேரம் திறந்து, ரெகுலேட்டர் பொருந்தும் இடம், குழாயின் இரு முனைகள், குழாயின் முழு நீளம் எங்கும் நுரையைப் பூசுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். கண்டவுடன் மூடிவிடுங்கள். அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டுவதோ சவர்க்காரத்தால் அடைப்பதோ கூடாது. குழாயை மாற்ற வேண்டும்.

சுவாலையைப் பாருங்கள்

பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காய்ச்சலை அறிவது போல, சுவாலையைப் பார்த்து அடுப்பின் கோளாறை அறியலாம். நல்ல சுவாலை நீல நிறமாக, சத்தமில்லாமல், ஒரே சீராக எரியும்.

ஓர் அடுப்பு மட்டும் மெதுவாக எரிந்தால், பெரும்பாலும் அந்தப் பர்னரில்தான் அடைப்பு. இரண்டும் மெதுவாக எரிந்தால் பர்னரை உரசிக்கொண்டிருக்காதீர்கள். கோளாறு சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ குழாயிலோ இருக்கிறது. சிலிண்டர் வாங்கி எத்தனை நாள் என்று கணக்குப் பாருங்கள். அது புதிது என்றால் குழாய் மடிந்திருக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள். என் மனைவி சொன்ன "ரெண்டும் மெதுவாத்தான் எரியுது", "வாங்கிப் பத்து நாள்தானே" என்ற இரண்டு வார்த்தைகளும் சரியான நோயறிதல் என்று அந்தத் தம்பி சொன்னார். அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளத்தான் வீட்டில் ஆள் இருக்கவில்லை.

சுவாலை மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி பிடித்தால், காஸுக்குப் போதிய காற்று சேரவில்லை என்று பொருள். பொங்கி வழிந்த கஞ்சியும் பாலும் பர்னரின் துவாரங்களை அடைத்திருக்கும். அடுப்பு நன்றாக ஆறிய பின் பர்னர் மூடியைக் கழற்றி, சுடுநீரும் சவர்க்காரமும் இட்டு ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே பொருத்துங்கள். உள்ளே காஸ் வரும் மிக நுண்ணிய துளையை ஊசியால் குத்தாதீர்கள். அது பெரிதானால் சுவாலை கட்டுக்கு அடங்காது. அதைத் திருத்துபவரிடம் விட்டுவிடுங்கள். மஞ்சள் சுவாலையை அடைத்த அறையில் எரியவிடுவது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவைத் தரும். அதற்கும் மணமில்லை. குசினியில் நிற்கும்போது தலையிடியும் குமட்டலும் வந்தால் உடனே அடுப்பை அணைத்து வெளியே காற்றுக்கு வாருங்கள்.

சுவாலை பர்னரை விட்டு எழும்பி இரைச்சலோடு எரிந்தால் அழுத்தம் கூடுதல். ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். மூடிவிட்டு, திருத்துபவர் பார்க்கும் வரை பாவிக்காதீர்கள். 'டப்' என்ற சத்தத்தோடு சுவாலை உள்ளே இறங்கினால் முதலில் அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள். பர்னர் மூடி சரியாக அமராமல் இருக்கலாம்.

சிலிண்டர் முடியும் தறுவாயில் அதைச் சாய்த்துப் போட்டும் வெந்நீரில் வைத்தும் கடைசிக் காஸை எடுக்கப் பார்ப்போர் உண்டு. விலைவாசி அப்படி என்பது உண்மைதான். ஆனால் சாய்த்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாய்க்குள் ஏறும். ஒரு துளி திரவம் ஆவியாகும்போது ஏறத்தாழ 250 மடங்கு விரியும். ஒரு நேரச் சமையலை மிச்சப்படுத்தப் போய் வீட்டை இழக்க வேண்டாம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

அன்றைய தினமே புதுக் குழாயும் கிளிப்புகளும் வாங்கினேன். தரச்சான்று பொறித்த குழாயைத்தான் கேட்டு வாங்கினேன். மலிவு என்று பாதையோரத்தில் விற்கும் குழாயைத் தொடவில்லை. குழாய் வாங்கிய திகதியைச் சுவரில் எழுதி வைத்தோம். வெடிப்போ இறுக்கமோ கண்டால் காலம் பார்க்காமல் மாற்றுவது என்று முடிவு. துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் கிளிப் வெகு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் மாதம் ஒரு தடவை நுரைப் பரிசோதனை செய்கிறோம். புதுச் சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் அதன் வாயில் ரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரெகுலேட்டரைப் பொருத்துகிறோம்.

மூலையில் கிடந்த விறகும் சாக்கும் வெளியே போயின. சிலிண்டரை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, கை எட்டும் இடத்தில், காற்றோட்டமாக வைத்தோம். சமைத்து முடிந்ததும் முதலில் ரெகுலேட்டரை மூடுவது, குழாயில் மிஞ்சியது எரிந்து தீர்ந்ததும் அடுப்பின் திருகியை மூடுவது என்பதே இப்போது எங்கள் ஒழுங்கு. இரவு படுக்கும் முன் ஒருவர் போய்ப் பார்த்து வருவார். பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள்.

சகோதரிகளுக்கு இன்னும் ஒரு வார்த்தை. சஹர் நேரத்தில் தூக்கக் கலக்கத்தோடு, தொழுத உடையோடு அப்படியே அடுப்புக்கு முன் நிற்காதீர்கள். தொங்கும் கையும் நைலோன் துணியும் நொடியில் பற்றிக்கொள்ளும். உடையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்துப் புரளுங்கள். சுட்ட இடத்தில் பற்பசை, கோப்பித் தூள், முட்டை எதுவும் பூச வேண்டாம். ஓடும் குளிர் நீரில் 20 நிமிடம் பிடித்து, பெரிய காயமானால் 1990 இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் காட்டுங்கள். ஒரு நாளில் பல மணி நேரம் அடுப்புக்கு முன் நிற்பவள் அவளே. அதன் மணமும் சத்தமும் நிறமும் அவளுக்குத்தான் தெரியும். ஆனால் பல வீடுகளில் ரெகுலேட்டர் மாட்டுவதும் குழாய் மாற்றுவதும் "ஆம்பிளை வேலை" என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆம்பிளை வீட்டில் இல்லாத நேரத்தில், அல்லது என்னைப்போல் வீட்டில் இருந்தும் காது கொடுக்காத நேரத்தில், அவள் என்ன செய்வாள்? இப்போது என் மனைவியும் மூத்த மகளும் ரெகுலேட்டரைக் கழற்றவும் மாட்டவும், நுரை பூசிப் பார்க்கவும் பழகிவிட்டார்கள். திருத்தும் தம்பி அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்தார்.

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் உண்டு. நமது குசினியில் ஒட்டகத்தைக் கட்டுவது என்பது ரெகுலேட்டரை மூடுவதுதான்.

மாமி இப்போதும் இரவில் ஒரு தடவை குசினிப் பக்கம் போய் வருவார். "பூட்டியாச்சா மகன்?" என்று கேட்பார். முன்பெல்லாம் "ஓம்" என்று படுத்தபடியே பதில் சொல்வேன். இப்போது எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

இன்றிரவு நீங்களும் படுக்கும் முன் ஒரு தடவை எழுந்து பாருங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.